மூன்று நாள் பெயர்கள்

விடியும் முன்பே டெல்ஃபினா ஒரோஸ்கோ மண்மேட்டின் சரிவில் குனிந்து, ஒரு கறுப்புக் கல்லை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பதித்துக்கொண்டிருப்பாள். பாலைவனத்தின் வழியே போகும் அமெரிக்க அறுபத்தாறாம் எண் நெடுஞ்சாலையை வெள்ளம் அரிக்காமலிருக்க என்றோ போட்ட மேடு அது. கடலுக்குப் போகிற பயணிகள் வண்டியை நிறுத்தி, அதில் கல்லடுக்கித் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போவார்கள். மைல் கணக்கில் பெயர்கள். டெல்ஃபினா எழுதுவது தன் பெயரை அல்ல. மகன் அன்செல்மோவின் பெயரை.

கடற்கரை ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று குதித்துக்கொண்டு கிளம்பிய பிள்ளை. வீட்டைவிட்டுப் போன நாற்பதாவது நிமிஷம் இதே இடத்தில் அவன் ஏறிப்போன லாரி உருண்டது. அவன் செத்த இடத்தில் அவள் சிலுவை நட்டாள். சாலை வேலைக்காரர்கள் பிடுங்கினார்கள். மறுபடி நட்டாள், மறுபடி பிடுங்கினார்கள். கல்லை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஆனால் பயணிகள் இருக்கிறார்களே! வண்டி நிறுத்தும் இடத்துக்கு நேர் எதிரே இருப்பதால் தங்கள் பெயருக்கான கல்லை அன்செல்மோவிலிருந்துதான் உருவுவார்கள். இருபது அடி நடந்து பாலைவனத்தில் பொறுக்க உடம்பு வணங்காது. பகலெல்லாம் சாலையோர மோட்டலில் படுக்கை விரிப்புகளைத் துவைத்து வெந்துபோன கையோடு, காலையில் வந்து பார்த்தால் ஏதாவது ஒரு எழுத்து காணாமல் போயிருக்கும்.

பழுதான வண்டிகளை இழுத்துப்போகும் ஹாலிஸ் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பான். "ஏம்மா டெல்ஃபினா, பையனுக்கு ஜோன்னு சின்னதா பேரு வச்சிருந்தா உன் முதுகாவது தப்பிச்சிருக்குமே!"

"உங்கம்மா உனக்குப் பேரே வைக்காம விட்டிருக்கலாம். போடா, போய் வண்டியை இழு."

அவளும் அடுத்தவர் கல்லை எடுப்பாள்; மறைக்க மாட்டாள். ஆனால் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறாள். ஒரு பெயர் வந்து மூன்று நாள் ஆகாமல் தொடமாட்டாள்.

"மூணு நாள்ல எவனா இருந்தாலும் கடல்ல காலை நனைச்சிருப்பான். அப்புறம் வழியில பேரு எதுக்கு? என் புள்ளதான் இன்னும் வழியிலேயே கிடக்கான்."

போன செவ்வாய்க்கிழமை மேட்டில் வெள்ளைக் கற்கள் வந்திருந்தன. சின்னச் சின்னதாக, வழவழவென்று, இந்த மண்ணில் விளையாத கற்கள். அவளுக்கு ஆசை தாங்கவில்லை. இருந்தாலும் புதன், வியாழன், வெள்ளி என்று பொறுத்தாள். சனிக்கிழமை விடியலில் அத்தனையையும் வாளியில் அள்ளினாள். யார் பெயர் என்று வாசிக்கவில்லை. வாசித்தால் கை வராது. ஆங்கிலத்தில் அன்செல்மோவின் கடைசி எழுத்து 'ஓ', ஒரு வட்டம். அந்த வட்டம் முழுக்க வெள்ளையை அடைத்தாள். முதன்முறையாக, ஓடுகிற வண்டியிலிருந்தே பார்த்தால் தெரிகிற மாதிரி அமைந்தது.

மறுநாள் ஞாயிறு. கடல் பக்கமிருந்து ஒரு கார் வந்து நின்றது. அந்தத் திசையிலிருந்து பயணிகள் வருவதே அபூர்வம். அறுபது வயதிருக்கும் ஒரு பெண் தனியாக இறங்கி, மேட்டின் அடி ஓரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தாள். போனாள், திரும்பி வந்தாள், வட்டத்தை முதுகால் மறைத்தபடி சரிவில் கல் பதித்துக்கொண்டிருந்த டெல்ஃபினாவிடம் வந்து நின்றாள்.

"ஏங்க, இங்க வெள்ளைக் கல்லுல ஒரு பேரு வச்சிருந்தேன். இலினாய்ல எங்க ஊரு ஆத்துல பொறுக்கினது. பாத்தீங்களா?"

"உங்க பேருங்களா?" என்றாள் டெல்ஃபினா.

"என் பொண்ணு பேரு. கோரின். அவ சாம்பலைக் கடல்ல கரைச்சிட்டு வர்றேன். கல்லறைன்னு ஒண்ணு வைக்கல. திரும்பி வர்றப்போ இங்க நின்னு ஒரு தடவை அவ பேரைப் பாத்துட்டுப் போகணும்னுதான் வச்சேன்."

டெல்ஃபினா வாயைத் திறந்தாள். உள்ளதைச் சொன்னால் வட்டத்தைக் கலைக்க வேண்டும்.

"பயணிங்கதான். கண்ணுல படுறதையெல்லாம் உருவிட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். பிறகு மேலே ஏறிப் பார்க்கலாம் என்று சரிவில் ஒரு காலை வைத்தாள். டெல்ஃபினா சட்டென்று வட்டத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பாவாடையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டாள்.

"என்னங்க, தலை சுத்துதா? இருங்க, வண்டியில குளிர்ந்த தண்ணி இருக்கு" என்று அந்தப் பெண் பதறிக் காருக்கு ஓடினாள்.

பாவாடை ஓரத்துக்கு வெளியே ஒரு வெள்ளைக் கல் எட்டிப் பார்த்தது. டெல்ஃபினா அதைக் குதிகாலால் உள்ளே இழுத்துக்கொண்டாள்.