பல்லேபொலவில் நின்றுபோன ஓதல்

பகல் ஒன்று பத்துக்கு மாத்தளையில் பஸ் ஏறினேன். பஸ்களை அரசாங்கம் எடுத்துச் சில ஆண்டுகள் ஆகியும் ஜன்னல் கண்ணாடி ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பல்லேபொலவுக்கு ஐம்பது சதம். மிளகுச் சாக்கோடு பக்கத்தில் இருந்தவர், “எங்க மாஸ்டர், கல்யாண வீடா?” என்றார்.

“இறந்தவங்களுக்காகக் கத்தம் ஓதுற வீடுங்க.”

அவர் சாக்கை இழுத்து எனக்குக் கால் நீட்ட இடம் விட்டார்.

ஆசிரியர் கலாசாலையில் மொழி ஒலிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். அதைக் கேள்விப்பட்டு ரஷீத் மௌலவி கடிதம் போட்டிருந்தார். அவருடைய தாய், உம்மா, இறந்த நாற்பதாம் நாள், ஊர் கூடியிருக்க வாப்பா அரபில் ஓதிக்கொண்டிருந்தாராம். அரபுக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மகன், அதாவது இந்த ரஷீத்தே, சபை நடுவே நிறுத்தி, ‘ஐன்’ என்ற தொண்டை எழுத்தின் உச்சரிப்பைத் திருத்திவிட்டார். அன்றிலிருந்து வாப்பா வாய் திறந்து ஓதவில்லை. இன்று வருடக் கத்தம். ‘நீங்க வந்து வாப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க’ என்று முடிந்தது கடிதம். படித்த திமிர் என்று அந்த மகன்மேல் எனக்கு ஆத்திரம்தான்.

இரண்டு மணி. மிளகுக் கொடிகளுக்கு நடுவே வீடு. வாப்பா காசிம் நானா இஞ்சித் தேத்தண்ணியைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார்.

“அறுபது வருஷமா ஓதினேன் மாஸ்டர். அவ மௌத்தான பொறகு நாப்பது நாளும் அவளுக்காக ஓதினேன். எழுத்துப் பிழைன்னா அவளுக்கு ஒண்ணுமே சேந்திருக்காதே?”

மார்க்கச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னேன். சிறு வயதிலேயே வீட்டில் புழங்கும் ஒலிகளுக்குக் காது பழகிவிடும். பழகாத ஒலி வந்தால், அதற்குக் கிட்டிய நம் ஒலியாகத்தான் கேட்கும். தமிழில் ‘ஐன்’ இல்லை, ஆகவே ‘அ’ என்று கேட்கிறோம். காது பிரிக்காததை நாக்கு எப்படிப் பிரிக்கும்?

“அப்ப இவரு மட்டும் சொல்றாரே?” காசிம் நானா பக்கத்தில் இருந்த மகனைக் காட்டினார்.

“ஏழு வருஷம் ஓதித் தர்ற உஸ்தாது பக்கத்துல இருந்து கேட்டுக் கேட்டுப் பழகினாருங்க.”

ரஷீத் தலை குனிந்தார். “மொத வருஷம் முழுக்க அடி வாங்கி அழுதேன் வாப்பா. உங்ககிட்ட சொல்லல்ல.”

நானும் ‘ஐன்’ சொல்ல முயன்றேன். மௌலவி தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். எனக்கு இருமல்தான் வந்தது. “விடுங்க மாஸ்டர், உசிரு போயிரும்!” என்று காசிம் நானா சிரித்துவிட்டார். சிரித்த கண்ணிலேயே நீர் நின்றது.

மகன் அவர் கையைப் பிடித்தார். “ஏலாததுக்கு அல்லாஹ்கிட்ட கேள்வி இல்ல வாப்பா. சபையில உங்கள நிப்பாட்டினது என் குத்தம். மன்னிச்சிருங்க.”

நாலரை மணி. ஆட்கள் வந்து பாயில் அமர்ந்தார்கள். வாப்பாவை முன்னால் இருத்திவிட்டு, “நீங்க ஓதுங்க, நான் பின்னால ஓதுறேன்” என்றார் ரஷீத். கிழவரின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நிமிர்ந்தது. பின்னாலேயே மகனின் குரல்.

வாசலில் நாற்காலி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பதினைந்து வருடமாக ஒலிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஐந்தேமுக்கால் பஸ்ஸுக்கு எழுந்து வரும்வரை, கிழவர் விட்ட பிழையை என் காது ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்கவில்லை.