பிலோமினா அக்கா கையெழுத்துப் போடாத ரிப்போர்ட்

பிலோமினா அக்கா போயிட்டாங்க. இன்னிக்குக் காலையில, கோலார் தங்கவயல்ல, அதான் கேஜிஎஃப்ல, அவங்க வீட்டுல. மாரடைப்புன்னு அவங்க தம்பி போன் பண்ணிச் சொன்னார்.

கொஞ்ச நேரத்துல ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல மேனேஜர் மெசேஜ். “எல்லாரையும் அனுசரித்துப் போன அன்புச் சகோதரி”யாம்.

யாரு... பிலோ அக்காவா? அனுசரிச்சுப் போனாங்களா?

எங்களோடது பெங்களூருல பால் பவுடர், எண்ணெய் எல்லாம் டெஸ்ட் பண்ற லேப். அக்கா அங்க சீனியர் அனலிஸ்ட். தினமும் கேஜிஎஃப் ட்ரெயின்ல நசுங்கி வருவாங்க, புடவை மடிப்பு மட்டும் கலையாது.

சாம்பிளை எடுத்ததும் முதல் வேலையா ஐசோடோப் ஸ்டாண்டர்டை அளந்து ஊத்தணும். சாம்பிள்ல நாங்க அளக்குற மாதிரியே அதுவும் கொழுப்பு அமிலம்தான்... கனமான ஹைட்ரஜன் போட்டுச் செஞ்சது, அதனால மெஷினுக்கு அடையாளம் தெரியும். வேலை நடக்கும்போது சாம்பிள் எவ்வளவு வீணாகுதோ, அதே விகிதத்துல இதுவும் வீணாகும். அதை வச்சுத்தான் கணக்கு.

ஒருநாள் குழந்தைங்க பால் பவுடர் ஒண்ணு, அர்ஜென்ட். முதல்ல ஊத்த மறந்து, எல்லாம் முடிஞ்ச பிறகு ஊத்தியாச்சு. ரிசல்ட்ல ஸ்டாண்டர்ட் நூத்துக்கு நூறு. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்லு.

அக்கா கையெழுத்துப் போடல. இவ்வளவு அழகா வரவே வராதுன்னுட்டாங்க. எப்ப ஊத்தினா என்னம்மா, ஊத்தியாச்சுல்லன்னார் மேனேஜர்.

“சார், கேஜிஎஃப்ல நம்மாளுங்க பத்து பேரை ஏத்திவிட்டாத்தான், இங்க எத்தனை பேரு இறங்குறாங்கன்னு பாத்து வழியில எவ்ளோ விட்டுப்போச்சுன்னு சொல்ல முடியும். இங்க பிளாட்ஃபாரத்துலயே பத்து பேரை நிக்க வச்சு எண்ணினா பத்துதான் வரும். கொழந்தைங்க குடிக்கிறது சார். திரும்பப் போடலாம்.”

யார் தப்புன்னு கேட்டார். என் பெஞ்ச்ல நடந்தது, என் பேரையே எழுதிக்கோங்கன்னாங்க அக்கா.

எழுதினார். டெஸ்ட் திரும்ப நடந்தது. அடுத்த வாரமே அக்காவை சாம்பிள் வாங்குற கவுன்ட்டர்ல உக்கார வச்சுட்டாங்க. ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கதான்.

அங்கயும் அடங்கலையே... சீல் பிரிஞ்ச டப்பான்னா, டைரக்டரே கொண்டு வந்து நீட்டினாலும் வாங்க மாட்டாங்க. “பேக்காகில்லா சார்”, வேணாம்னு கன்னடத்துல சொல்லித் திருப்பித் தள்ளுவாங்க. எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷமா இருக்கும்.

மேனேஜர் என் ஃபேஸ்புக் ஃப்ரெண்ட் லிஸ்ட்லதான் இருக்கார். நானும் இன்னும் அவர்கிட்டதான் வேலை பாக்கறேன். படிங்க சார். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து எச்ஆருக்கும் அனுப்புங்க.

அன்னிக்கு ஸ்டாண்டர்டைக் கடைசியில ஊத்தினது நான். சுகந்தி.

அக்காவுக்குத் தெரியும். அவங்க பேரை எழுதும்போது பக்கத்துலதான் நின்னேன்... வாயே திறக்கல. வெக்கமா இருக்கு.

அந்த ஃபைலை எடுங்க. பிலோமினான்னு இருக்கிற இடத்துல என் பேரை எழுதுங்க.

நாளைக்குக் காலையில கேஜிஎஃப்ல அடக்கம். லீவ் கேக்கல.

நான் வர்றேன்க்கா.