வாய் கோணிய கோப்பை

திட்டக்குடி பஸ் நிலையத்தில் இன்று டீ வாங்கினேன். சூளையில் வேகும்போதே வாய் கோணிப்போன விருத்தாசலத்துப் பீங்கான் கோப்பை. கையில் வாங்கியதும் அம்மா நினைவு வந்துவிட்டது.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் தெருக்கோடியில் டி.பி. வந்த ரோசம்மாளை வீட்டாரே விட்டுப் போயிருந்தார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அம்மா அவளுக்கு ஒரு கோப்பையில் கஞ்சி கொண்டுபோவாள். ரோசம்மாள் கூசிக்கொண்டு பாதியில் நிறுத்துவாள். மிச்சத்தை அதே கோப்பையில் அம்மா குடித்துக் காட்டுவாள்.

"கோயில்ல அத்தன பேரு இருக்காங்க. கர்த்தரு ஒனக்கு மட்டுந்தான் சொன்னாராமா?" என்பார், பீங்கான் சூளையில் வேலை முடிந்து வரும் அப்பா.

"எனக்குக் கேட்டுது, போறேன்."

ரோசம்மாளை அடக்கம் செய்த மறு வருஷம் அம்மாவுக்கும் இருமல் கண்டது. அப்பா சூளையிலிருந்து கொண்டுவந்த கோணல் கோப்பை ஒன்றைத் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டாள். ஒருநாள் அதில் அவள் மீதி வைத்த கஞ்சியைக் குடிக்க எடுத்தேன். எழுந்து நிற்க முடியாதவள் எட்டித் தட்டிவிட்டாள். கோப்பை உடைந்தது.

"ரோசம்மா அத்தையோடத நீ மட்டும் குடிச்சியே?"

"அது என்னோட போவட்டும்டா" என்றாள்.

அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டாள்.

டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன். "வைங்க, நான் கழுவிக்கிறேன்" என்றார் டீக்கடைக்காரர். எனக்கும் கொஞ்ச நாளாக இருமல். கோப்பையை வெந்நீர் ஊற்றி நானே கழுவி வைத்தேன்.