சாம்பியன் பக்கத்து நாற்காலி

குத்துச்சண்டைப் போஸ்டரில் இருந்த அண்ணனின் முகத்தை அவர்கள் கிழிக்கக்கூட இல்லை. அதன் மேலேயே இன்னொருவன் முகத்தை ஒட்டிவிட்டார்கள். கொட்டகலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர்ச் சுவரில் பார்த்தேன். வலது பக்கம் சாம்பியன். கீழ்நாட்டுச் சிங்களவர், பட்டத்தைப் பல வருஷமாக வைத்திருக்கும் பழைய ஆள். இடது பக்கம் அவரை எதிர்க்கப் போகிறவன். மழையில் பசை இளகி ஓரம் சுருண்டபோது அடியில் அண்ணனின் காது தெரிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

ஒட்டப்பட்டவன் வேறு யாருமில்லை. அண்ணனோடு ஒன்றாகப் பயிற்சி செய்தவன். எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே பக்கத்து டிவிஷன்காரன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் தின்றவன்.

அண்ணன் செத்தது எடை குறைக்க ஓடி. சண்டைக்கு ஒரு மாதம்கூட இல்லை, ஏழு கிலோ இறக்க வேண்டும். வேர்ப்பதற்காக மூன்று சட்டை போட்டு, அதற்கு மேல் அம்மாவின் படங்கை நெஞ்சோடு சுற்றிக்கொண்டு ஓடினான். கொழுந்து எடுக்கப் போகும்போது மழைக்கும் அட்டைக்கும் பெண்கள் இடுப்பில் கட்டுகிற அந்த பிளாஸ்டிக் படங்குதான். தண்ணீர் குடிக்கவில்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில் விழுந்தான். உடம்புச் சூடு வெளியே போக வழியில்லாமல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார்.

படங்கில் முதுகுப் பக்கம் இரண்டு முடிச்சு இருந்தது. அதைத் தானாகக் கட்டிக்கொள்ள முடியாது. கூட ஓடியவன் போஸ்டரில் ஒட்டப்பட்ட அவன்தான், அதனால் அவன்தான் கட்டியிருப்பான் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாம் பேசின. அம்மா அவனைக் காணும்போதெல்லாம் காறித் துப்பினார். கட்டியது நான். "இன்னும் இறுக்கு புள்ள" என்று அண்ணன் சொல்லச் சொல்ல இறுக்கியதும் நான். யாரிடமும் சொல்லவில்லை. அவனை வெறுப்பது எனக்கு வசதியாக இருந்தது. வெறுத்து வெறுத்து, அவன்தான் கட்டினான் என்று சில நாள் நானே நம்பினேன்.

சண்டைக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி எங்கள் குடும்பத்துக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அம்மா வரவில்லை. நான் ஹட்டனுக்குப் போய், மண்டபத்துக்குள் நுழைந்து, அந்த நாற்காலியைத் தாண்டி, எதிர்ப்பக்கம் சாம்பியனுடைய ஆட்கள் நடுவே போய் உட்கார்ந்தேன்.

எங்கள் லயத்து மாமா ஒருவர் தப்பு மேளம் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கத்தினார். "ஏ புள்ள! அங்க எதுக்குப் போய்க் குந்திருக்க? நம்மாளு இந்தப் பக்கம்!"

"நம்மாளு செத்துட்டாரு மாமா. நீங்க அடிங்க தப்ப."

"அண்ணன் செத்து மாசம் முடியல, சாம்பியனுக்குக் கொடி புடிக்க வந்துருச்சு பாரு" என்று ஒரு பெண் சொன்னாள். என் காதில் விழ வேண்டுமென்றே சொன்னாள்.

அண்ணனின் இடத்தில் நின்று இவன் ஜெயிக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு. ஜெயித்தால் அண்ணன் தேவைப்பட்டிருக்கவே மாட்டான் என்று ஆகிவிடும்.

அவன் ஜெயித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் ரவுண்டில் சாம்பியனின் புருவம் கிழிந்தது. ஐந்தாம் ரவுண்டு முடியும்போது அவர் மூலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். தப்பு மண்டபத்தையே ஆட்டியது. 

அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. ஒருநாள் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே இவனைப் பற்றிச் சொல்லிச் சிரித்தான். "அஞ்சு ரவுண்டு தாண்டுனா அந்தப் பய இடது கைய மாட்டு வால் மாதிரி தொங்கப் போட்டுர்றான். நான் மட்டும் எதிர்ல நின்னா சோலி முடிஞ்சிச்சி." நட்பில் சொன்னது. வீட்டுக்குள் சொன்னது.

ஆறாம் ரவுண்டில் அவனுடைய இடது கை இறங்கியது. நான் எழுந்து நின்று சிங்களத்தில் கத்தினேன். இடது கை இறங்குது, இடது கை இறங்குது, வலதால போடு! சாம்பியனின் மூலையில் நின்ற ஆள் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு அவரும் அதையே கத்தினார்.

சாம்பியனின் வலது கை, இறங்கிய கைக்கு மேலாகப் போய்த் தாடையில் விழுந்தது. அவன் உட்கார்வது போல் மடங்கினான். ரெஃபரி எட்டு எண்ணும்போது எழுந்தான். மறுபடியும் விழுந்தான். அதற்கு மேல் எண்ணவில்லை, ரெஃபரி கையை ஆட்டி நிறுத்திவிட்டார். என்னைச் சுற்றியிருந்தவர்கள் குதித்தார்கள். என்னையும் கட்டிப்பிடித்தார்கள். தப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

வெளியே வரும்போது வாசலில் அவன் துவாலையைப் போர்த்திக்கொண்டு நின்றான். ஒரு கண் மூடிப்போயிருந்தது.

"கத்துனது நீதானே?"

"ஆமா."

"அண்ணே சொன்னதா?"

"ஆமா. அவரு இருந்திருந்தா உன்னைய யாருக்குத் தெரியும்?"

அவன் துவாலையால் உதட்டைத் துடைத்தான். "படங்கு கட்டுனது நீன்னு எனக்குத் தெரியும் தங்கச்சி. ஓடும்போது அண்ணே சொன்னாரு, தங்கச்சி மூச்சு விட முடியாம கட்டிட்டான்னு. ஒங்கம்மா என் மூஞ்சில துப்புனப்பகூட நான் வாயத் தொறக்கல." பிறகு என்னைப் பார்த்து, "போ. கண்ணுல நிக்காத" என்றான்.

வீட்டுக்குப் போனபோது அம்மா கேட்டது ஒன்றுதான். "தோத்தானா?"

"தோத்துட்டான்."

"நல்லா வேணும் நாய்க்கு." அன்றைக்கு அம்மா வயிறு நிறையச் சாப்பிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் புறப்படும்போது அம்மா புதுப் படங்கைச் சுற்றிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். பழையதைப் பொலிஸ்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். புது பிளாஸ்டிக் விறைப்பாக இருந்தது.

"கைக்கு எட்ட மாட்டேங்குது. பின்னால இறுக்கிக் கட்டு."

ஒரு முடிச்சுப் போட்டேன். இரண்டாவது போடும்போது சொல்லிவிட்டேன். "அண்ணனுக்கும் நாந்தாம்மா கட்டுனேன். அவன் இல்ல."

அம்மா திரும்பவில்லை. வெளியே பெரட்டுக்குப் போகிறவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். எனக்கு அம்மாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"கைய எடு" என்றார்.

எடுத்தேன். அம்மா முடிச்சை முன்பக்கம் இழுத்துத் திருப்பி, அவிழ்த்து, தானாகவே கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.