சகடை சுற்றாமல் போகிறது

எங்கள் தீவில் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுக்காத ஒரு பட்டம் உண்டு. விமானத்தைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து இன்னதென்று சொல்லிவிடுவோம்.

சண்டைக்காலத்தில் எங்கள் தலைக்கு மேல் வந்தவற்றில் மிக மெதுவானது ஒரு சின்ன விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு இயந்திரம். சனம் அதற்குச் 'சகடை' என்று பேர் வைத்தது. மற்றவை வந்த வேகத்தில் குண்டைப் போட்டுவிட்டுப் போய்விடும். சகடை கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, சுற்றிச் சுற்றி நின்றுவிட்டுத்தான் போகும். ஆளையும் சாமானையும் ஏற்றி, சின்ன ஓடுபாதையிலும் இறங்கத்தான் அப்படியான விமானங்களைச் செய்தார்களாம். பிற்காலத்தில் எங்கோ வாசித்தேன். பக்கக் கதவால் பீப்பாக் குண்டும் உருட்டலாம் என்று அவர்களின் விளம்பரத்தில் இருந்திராது.

நாரந்தனையில் எங்கள் வளவில் பனங்குற்றி அடுக்கிய பங்கர் ஒன்று இருந்தது. குண்டுச் சத்தத்தில் காது வெடிக்காமலிருக்கப் பல்லுக்கிடையில் எதையாவது வைத்துக் கடிக்க வேண்டும் என்பது அந்நாள் சட்டம். எல்லோரும் தடியைக் கடித்தார்கள். நான் அக்காவின் பின்னல் நுனியைக் கடித்தேன். நல்லெண்ணெய் மணக்கும். அவள் என் காதிரண்டையும் பொத்திக்கொண்டு, "போயிட்டுதடா, போயிட்டுது" என்பாள். சகடை உச்சியில் நிற்கும்போதும் அதையேதான் சொல்வாள்.

பிறகு அக்கா கனடாவுக்குப் போய்விட்டாள். முப்பது வருடம் கழித்து, போன வருடம், "ஒருக்கா வரப்போறன்" என்றாள். உடம்பு சரியில்லை. கொழும்பிலிருந்து ரோட்டால் வர அவளுக்கு ஏலாது. பலாலிக்குச் சின்ன விமானத்தில் வந்தாள்.

கூட்டிவரப் புளியங்கூடலில் இருந்து ஒரு வான் பிடித்துப் போனேன். சாரதிக்கும் என் வயதுதான். விமானநிலைய வேலியோரம் நின்றோம். தெற்கிலிருந்து சத்தம் வந்தது. இரண்டு இயந்திரம், அதே இழுவை. அக்கா வருகிறாள் என்று மூளை சொன்னது. உடம்பு அதைக் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது குப்புறக் கிடந்தேன். வாயில், முகம் துடைக்கிற என் லேஞ்சி.

"என்ன அண்ணை தேடுறியள்?" சாரதியின் குரல் எங்கோ கீழேயிருந்து வந்தது.

"வான் பூட்டுற திறப்பு விழுந்திட்டுது."

"திறப்பு என்ர கையிலயெல்லோ இருக்கு."

தலையைத் திருப்பினேன். மனிசன் பின் டயருக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தார்.

"நீர் அதிலை என்ன செய்யிறீர்?"

"காத்துக் காணுமோ எண்டு பாக்கிறன்."

இருவரும் எழும்பி, ஒருவரையொருவர் பார்க்காமல் மண்ணைத் தட்டினோம்.

அக்கா தலையில் துணி கட்டியபடி வந்தாள். மண் ஒட்டிய என் சேட்டைப் பார்த்தாள், கையிலிருந்த ஈர லேஞ்சியைப் பார்த்தாள்.

"கடிச்சனியோ?"

"ஓம்."

துணியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். மருந்து ஒரு மயிரையும் மிச்சம் விடவில்லை. "இனி என்னட்டைக் கடிக்க ஒண்டுமில்லைத் தம்பி. லேஞ்சிதான் உனக்கு."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டு கிழமை நின்றாள். திரும்பிப் போகும்போது, "அடுத்த வருசம் வருவியோ?" என்றேன். "பாப்பம்" என்றாள். எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்று சொல்லி நடந்த காரியம் எனக்கு நினைவில்லை. இப்போது தொலைபேசியில் அவள் குரல் கிழமைக்குக் கிழமை மெலிகிறது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் அளந்த என் பிரஷர் என்னவென்று கேட்கிறாள். அவளுடையதைச் சொல்வதில்லை.

விமானம் வரும் நாட்களில் சத்தம் கேட்டதும் முற்றத்துக்குப் போகிறேன். உடம்பு இன்னும் திருந்தவில்லை. பூவரசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அது நேரே பலாலிப் பக்கம் போய்விடுகிறது. காதைப் பொத்தி "போயிட்டுதடா" என்று சொல்ல ஆளில்லை. அது போய்விட்டதென்று எனக்கே தெரிகிறது.

அந்த நாளில் அவ்வளவு நேரம் நின்ற சனியன், இப்போது ஒருக்காச் சுற்றிவிட்டுப் போனால் என்ன?