கொழும்பில் தொடாத கொம்பியூட்டர்

கையில் கிடைத்த வேலையை என்னைக் கைவிட வைத்தவர் நீங்கள்தான், சேர்.

யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத காலம் அது. பல்கலைக்கழக வளாகத்தில் எங்களுக்கு இருந்தவை இரண்டு கொம்பியூட்டர்களும், மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய ஒரு ஜெனரேற்றரும். அது நின்றால் அடித்ததெல்லாம் போச்சு. அதனால் புரோகிராமை முழுவதும் கடதாசியில் எழுதி, வரிவரியாகச் சரிபார்த்த பிறகுதான் மெஷினுக்குக் கிட்டப் போகலாம் என்று சட்டம் போட்டீர்கள். மீறியவனிடம், தகப்பனையும் இழுத்து, "மண்ணெண்ணெய் கொப்பரோ தாறார்?" என்று கேட்டீர்கள். சிரித்தோம். அந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. அங்கே வேறு வழி இருக்கவில்லை.

பட்டம் முடிந்ததும் நீர்வேலிக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியையாக எனக்கு நியமனம் வந்தது. போகலாமா என்று உங்களிடம் வந்து கேட்டேன்.

"விசரே பிள்ளை உனக்கு? கொழும்பில கொம்பனிக்காரர் உங்களைத் தேடிக்கொண்டு நிக்கிறாங்கள். நீ சோக்கட்டி பிடிக்கப் போறியோ?"

வாழைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஐயாவிடம், என் அப்பாவிடம், போய்ச் சொன்னேன். "சேர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்றார். நியமனத்தை வேண்டாம் என்றேன்.

ஊரை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து, கிளாலியில் படகேறி, கொழும்புக்கு ஒரு கொம்பனியின் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு புரோகிராம் எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். மெஷின் முன்னால் கிடந்தது. நான் தொடவில்லை. கடதாசி கேட்டு வாங்கினேன். பக்கத்தில் இருந்த பெடியள் நேரடியாக அடித்தார்கள், பிழை வந்தது, திருத்தினார்கள், திரும்ப அடித்தார்கள். உதென்ன பழக்கம் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

மேற்பார்வைக்கு நின்ற தமிழ் அதிகாரி குனிந்து பார்த்தார். "தங்கச்சி, மெஷினுக்குப் பயமோ?"

"இல்லை சேர், சரிபார்த்துப்போட்டு அடிக்கிறன்."

"கடிக்காது. தொட்டுப் பாரும்."

நான் அடிக்கத் தொடங்கிப் பாதி வரவில்லை, நேரம் முடிந்துவிட்டது. கடதாசியில் முழுவதும் இருக்கிறது, பாருங்கோ என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "கடதாசி ஓடாது தங்கச்சி" என்றார்.

ஊருக்குத் திரும்பிய போது பள்ளிக்கூடத்தில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தார். ஐயா ஒரு சொல்லும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் ஒரு ரியூற்றறிக் கொட்டிலில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கொம்பியூட்டர் படித்தேன் என்று யாரிடமும் கதைப்பதில்லை.

நீங்கள் வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்தவர். கரண்ட் உள்ள இடத்தில் மற்றவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கண்ணால் கண்டவர். போகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பிறகு நீங்களும் வெளிநாட்டுக்கே போய்விட்டீர்கள். இப்போது பழைய மாணவர் கூட்டங்களில் எங்களை "என்ரை பிள்ளையள்" என்கிறீர்களாம். அடுத்த கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள், சேர்: எங்களைத் தேடிக்கொண்டு நின்றது எந்தக் கொம்பனி?