ஹேமலதா பேர் போட்ட விளக்கு

நெல்லித்தோப்பில் கல்யாணம், காதுகுத்து என்று எது நடந்தாலும் வாசலில் சீரியல் லைட் கட்டுவது கமலக்கண்ணன்தான். எங்களுக்கெல்லாம் கண்ணன். சாவு விழுந்தால் டியூப் லைட் கட்டுவதும் அவன்தான். முப்பது வருஷமாகத் தோளில் ஏணியோடு திரிகிறான். ஆனால் அவன் வீட்டில் ஒரே ஒரு பல்பு, அதுவும் அழுது வடியும். "ஊருக்கெல்லாம் கட்டுற, எனக்கு எப்பப்பா?" என்று அவன் மகள் ஹேமலதா ஏழு வயசில் கேட்டாளாம். "ஒன் கல்யாணத்துக்கு" என்று சொல்லிவிட்டான். சொன்னதை அவளும் மறக்கவில்லை, அவனும் மறக்கவில்லை.

நான் எங்கள் தெரு மண்டபத்துக்கு வாட்ச்மேன். அதனால் மகள் ரிசப்ஷனுக்கு அவன் பட்ட பாடு முழுக்க எனக்குத் தெரியும். முகூர்த்த சீசன். நல்ல செட்டெல்லாம் வாடகைக்குப் போய்விட்டது, சொந்த மகளுக்கென்று நிறுத்தி வைக்க அவனுக்கு வசதி இல்லை. பழுதாகிக் கோணியில் கிடந்த செட்டுகளை நாலு மாசம் உட்கார்ந்து, பல்பு பல்பாகப் பார்த்துச் சரி செய்தான். மேடைக்குப் பின்னால் வெல்வெட் துணிக்கு எங்கே போவது? பெரிய மார்க்கெட் பக்கம் வெள்ளைக் கொசுவலைத் துணி வாங்கி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, உள்ளே மஞ்சள் விளக்குச் சரம் விட்டான். "வலைக்குள்ள விட்டா ஒண்ணு நாலாத் தெரியும்டா" என்றான். வாசல் வாழைமரத்தடியில் இரண்டு விளக்கை மேலே பார்க்க வைத்தான். அதற்கும் மேலே, வாசல் வளைவில் ரோப் லைட்டை வளைத்து வளைத்து 'ஹேமலதா' என்று எழுதினான். மாப்பிள்ளை பேரை மறந்தேபோனான். நான் கேலி செய்த பிறகுதான் ஓரமாக 'ஹரிகிருஷ்ணன்' ஏறினார்.

முந்தின நாள் ஹேமலதா வந்து, "ஒரு தடவ போட்டுக் காட்டுப்பா" என்று கெஞ்சினாள்.

"நாளைக்கு நீ கார்ல இருந்து எறங்கும்போதுதான் போடுவேன். அதுவரைக்கும் யாரும் பாக்கக் கூடாது" என்று விரட்டிவிட்டான். ஒவ்வொரு சரமாகச் சோதித்து வைத்திருந்தானே தவிர, எல்லாவற்றையும் சேர்த்து ஒருமுறைகூடப் போடவில்லை.

மறுநாள் காலை கோயிலில் தாலி கட்டியாயிற்று. மதியம் மூன்று மணிக்கு மண்டபத்துக்கு எதிர்வீட்டு அம்மாவாசை சொல்தா செத்துப்போனார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய மனுஷர், அதனால்தான் சொல்தா; எண்பத்தேழு வயசு. அத்தனை வருஷம் இருந்தவருக்கு இன்னும் ஒரு நாள் இருக்க முடியாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

தெருவில் பிணம் கிடக்கும்வரை சீரியல் லைட் எரியாது, பாட்டு போடமாட்டார்கள். எங்கள் பக்கம் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டால் பிழைத்தோம் என்று நானும் கண்ணனும் வாசலிலேயே நின்றோம். ஐந்து மணிக்கு ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. மகன் விக்ரம் பாரிஸிலிருந்து வரவேண்டுமாம், நாளை ராத்திரிதான் வந்து சேருவானாம். கண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். பந்திக்குச் சமையல் முடிந்துவிட்டது, சனங்கள் ரிசப்ஷனுக்கு வரக் கிளம்பிவிட்டார்கள், விடிந்தால் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும். யாரைப் போய் என்ன கேட்பது?

எனக்குப் பொறுக்கவில்லை. நேரே போய்ச் சொல்தா பெண்சாதி குஞ்சம்மாளிடமே கேட்டுவிட்டேன். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டுக்கச் சொல்லுப்பா. அந்தப் பொண்ணு நான் பாத்து வளந்தது" என்றார்கள். ஓடி வந்து சொன்னேன்.

"அவங்க பெரிய மனசு, சொல்லிட்டாங்க. நான் போடலாமா?" என்றான் கண்ணன். "செல்வாம்பாக்கா வூட்டுக் கல்யாணத்துல, தெருவுல சாவுன்னு ஃபியூசப் புடுங்கனதே நான்தான்டா. அந்தக்கா எவ்ளோ கெஞ்சிச்சு."

அந்த நேரம் பார்த்து சொல்தாவின் தம்பி கோவிந்தசாமி தயங்கித் தயங்கி வந்தார்.

"கண்ணா, ரெண்டு டியூப் லைட் வேணும்ப்பா. இருட்டிக்கிட்டு வருது, வர்ற சனம் தடுக்கி வுழுதுங்க."

"இன்னிக்குமா அவன்கிட்ட வந்து கேக்குறீங்க?" என்று நான் கத்தினேன். கண்ணன் அதற்குள் ஏணியைத் தூக்கிவிட்டான். "வேற யாருடா கட்டுவா?" என்றான்.

எதிர்வீட்டு வாசலில் அவன் இரண்டாவது டியூப் லைட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது கார் வந்தது. ஹேமலதா இறங்கி, வளைவை நிமிர்ந்து பார்த்தாள். இருட்டில் அவள் பேரைப் படிக்க முடியவில்லை. ஏணியில் அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. கார்க்கதவு சாத்திய சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும், ஆனால் திரும்பவில்லை.

சாவு வீட்டில் கால் வைத்தவன் குளிக்காமல் மேடை ஏறக்கூடாது. ஓடிப்போய்க் குளித்து, ஈரத்தலையோடு வந்து மகள் பக்கத்தில் நின்றான். மண்டபத்து டியூப் லைட் வெளிச்சத்தில், பின்னால் கொசுவலை வெறும் கொசுவலையாகத் தொங்கியது.

"எப்டிப்பா இருந்திருக்கும்? சொல்லு" என்று ஹேமலதா மெதுவாகக் கேட்டாள்.

"மொதல்ல ஒம் பேரு எரியும்மா" என்று ஆரம்பித்தான். "அப்பறம் வாழமரம். அப்பறம்..." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போட்டோக்காரர் இந்தப் பக்கம் பார்க்கச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மாப்பிள்ளை மட்டும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அப்பாவும் மகளும் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.